பள்ளிப் பையைச் சோதிக்க யார் சம்மதம் தர வேண்டும்?

[திரையில்: அரிசோனா, 2003 அக்டோபர்]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சாஃபோர்ட் என்று ஒரு சின்ன ஊர். எட்டாம் வகுப்பில் படிக்கும் 13 வயதுப் பெண்ணைத் துணை முதல்வர் தன் அறைக்கு வரச் சொல்கிறார். மேசையில் நாலைந்து மாத்திரைகள். பெரும்பாலும் 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென். ஆமாம், வெறும் வலி மாத்திரைதான்! இவள் மற்றவர்களுக்குக் கொடுத்தாள் என்று ஒரு புகார். "உன் பையைப் பார்க்கலாமா?" அவள் சரி என்கிறாள். பையில் ஒன்றும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பள்ளி நர்ஸின் அறைக்கு அனுப்பி, உள்ளாடை வரை சோதித்தார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

பைக்குச் சரி என்றவள் இதற்கும் சேர்த்துத்தான் சரி என்றாளா? நமக்கு உடனே தோன்றும் கேள்வி இது. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் சட்டம் இங்கிருந்து தொடங்குவதில்லை.

[திரையில்: நியூ ஜெர்சி, 1980]

பிஸ்காட்டவே. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் எடிசனுக்குப் பக்கத்து ஊர். அங்கே பள்ளிக் கழிவறையில் புகைபிடித்ததாக 14 வயது மாணவி ஒருத்தி பிடிபட்டாள். அவள் மறுக்க, துணைத் தலைமை ஆசிரியர் அவள் கைப்பையைத் திறந்தார். முதலில் சிகரெட், துருவினால் கஞ்சா. பெயர் மறைத்து டி.எல்.ஓ. என்று அழைக்கப்படும் இந்த வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும். அதாவது பிள்ளையோ பெற்றோரோ "முடியாது" என்றாலும் பையைத் திறக்கலாம். ஆனால் சோதனை எல்லை மீறக் கூடாது. பிள்ளையின் வயது, பாலினம், செய்ததாகச் சொல்லப்படும் தப்பு எவ்வளவு பெரியது, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

சாஃபோர்ட் பள்ளி அந்த எல்லையில்தான் தோற்றது. 2009இல் எட்டு நீதிபதிகள், பையைப் பார்த்தது சரி, உள்ளாடைச் சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. சரி, சோதித்தவர்கள் நஷ்டஈடு கொடுத்தார்களா? இல்லை. அப்போது சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி அவர்களைச் சொந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் சம்மதத்துக்கு எங்கே மதிப்பு? தெருவில் போலீஸ் நிறுத்தும்போது. வாரண்டோ வலுவான காரணமோ இல்லாத போலீஸுக்குப் பெரும்பாலும் சம்மதம்தான் வழி. அது மனமுவந்து தந்ததா என்று நீதிமன்றம் மொத்தச் சூழ்நிலையையும் வைத்துப் பார்க்கும், வயதையும் சேர்த்து. ஆனால் 1973 தீர்ப்பின்படி, "நீ மறுக்கலாம்" என்று போலீஸ் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. பெரியவர்களுக்கே போலீஸிடம் மறுத்துப் பேச நாக்கு எழாது. பதின்மூன்று வயதில் எப்படி எழும்? 2011இல், போலீஸ் விசாரணை பற்றிய ஒரு வழக்கில், பெரியவர் எழுந்து போய்விடக்கூடிய இடத்தில் சிறுவன் போக முடியாது என்று நினைக்கலாம் என உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. சோதனைக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்பது என் கருத்து.

வீட்டில் வேறு கணக்கு. பிள்ளையின் அறையைச் சோதிக்கப் பெற்றோர் சம்மதித்தால் பெரும்பாலும் போதும். கதவில் "உள்ளே வராதே" என்று ஒட்டி வைத்திருந்தாலும்!

[திரையில்: ஒரேகான், 1991]

வெர்னோனியா என்ற ஊரில், விளையாட்டு அணியில் சேர வேண்டுமானால் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று விதி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனும் அவன் பெற்றோரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவன் மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்க்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995இல், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், பள்ளிதான் ஜெயித்தது.