வீடு ஆற்றிலா, ஆற்றை ஒட்டியா?

வணக்கம் நேயர்களே. கும்பகோணம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் இன், ஆன், அட் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். மாப்பிள்ளை பெயர் அப்புறம்தான்.

கொள்ளிடம் படுகையிலிருந்து வந்த ஒரு பையன், கட்டுரையில் 'மை ஹவுஸ் இஸ் இன் த கொள்ளிடம்' என்று எழுதியிருந்தான். நான் 'இன்'னை அடித்து 'ஆன்' என்று திருத்தினேன். "ஏண்டா, இன் போட்டா வீடு தண்ணிக்குள்ள இருக்குன்னு அர்த்தம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் எழுந்து நின்று, "போன மாசம் அப்படித்தான் சார் இருந்துச்சு. கூரை மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுச்சு" என்றான். என்ன செய்வது? என் திருத்தத்தை நானே அடித்துவிட்டு, ஓரத்தில் 'சரி' போட்டேன்.

வெள்ளம் வடிந்தால் ஆன்தான், அதில் மாற்றமில்லை. திருவையாறு காவிரியை ஒட்டி இருக்கிறது, அதனால் 'ஆன் த காவேரி'. தண்ணீர் மேல் மிதக்கிறது என்று பொருளில்லை.

குழப்பம் எங்கே வருகிறது? நம்முடைய 'இல்'லில்தான். பெட்டியில் பணம், சுவரில் பல்லி, வாசலில் ஆள். மூன்றுக்கும் ஒரே உருபு. இங்கிலீஷ்காரர் அப்படி விடமாட்டார். பணம் உள்ளே இருக்கிறது, இன். பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆன். ஆள் நிற்பது இந்த இடம் என்று சுட்டுகிறோம், அட். எழுதுமுன் 'இல்'லை மறந்துவிட்டு, பணமா, பல்லியா, ஆளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன்: பணமா, பல்லியா, ஆளா.

நேரத்துக்கு வருவோம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற தேதி ஜூன் 12. டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜூனில் என்றால் இன். 12ஆம் தேதி என்றால் ஆன். பத்து மணிக்கு என்றால் அட். காலம் குறுகக் குறுக, சொல்லும் மாறுகிறது. காலையில், மாலையில் என்றால் இன். ராத்திரிக்கு மட்டும் அட் நைட். அது வழக்கு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், வெறும் 'டிஸ்கஸ்' போதும். 'மேரீட் வித்' இல்லை, 'மேரீட் டு'. சின்ஸ், ஃபார் இரண்டுக்கும் ஒரு தாள் நிறைய எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று மட்டும் எழுதாதீர்கள், 'ஃபார் டூ இயர்ஸ்'. வணக்கம்.