ஆபீஸ் நெட்வொர்க்ல ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ட் ஆகலையா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன், கொஞ்சம் விரிவாவே பேசணும். திருப்பூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. அவங்க கேள்வியை அப்படியே படிக்கறேன்: "சார், எங்க ஆபீஸ்ல 40 கம்ப்யூட்டர் இருக்கு. மாடியில அக்கவுண்ட்ஸ், கீழ டெஸ்பாட்ச். கீழ இருந்துகிட்டே மாடியில இருக்கற டாலி கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்ல போவேன். ஒரு வாரமா போக முடியல. சரின்னு எனிடெஸ்க் போட்டா, ஆபீஸ் நெட்ல கனெக்ட் ஆகல, மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஆகுது. ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பார்க்கட்டுமா?"

முதல்ல கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். ஃபயர்வாலை, அதாவது தேவையில்லாத கனெக்‌ஷனை உள்ள விடாம தடுக்கற காவலை, ஆஃப் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணி வேலை செஞ்சிருச்சுன்னு வைங்க, திரும்ப ஆன் பண்ண யாருக்கும் மனசு வராது. அது அப்படியே வருஷக்கணக்கா கிடக்கும். இருக்கறது டாலி கம்ப்யூட்டர், உங்க மொத்தக் கணக்கும் அதுலதான் இருக்கு.

அடுத்தது, நீங்க ஒரு பிரச்சனைன்னு நினைச்சுக் கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு இது ரெண்டு தனித்தனிப் பிரச்சனை. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் உங்க ஆபீஸ் கேபிள் வழியாவே நேரா அந்தக் கம்ப்யூட்டரோட 3389ங்கற போர்ட்டை, அதாவது அந்த நம்பர் போட்ட கதவைத் தட்டும். இன்டர்நெட்டே இல்லைன்னாலும் அது வேலை செய்யணும். எனிடெஸ்க்ங்கற தனி ரிமோட் சாஃப்ட்வேர் அப்படி இல்ல. நீங்க போக வேண்டிய கம்ப்யூட்டரோட எனிடெஸ்க் ஐடி நம்பரை அடிச்ச உடனே, அது முதல்ல வெளிய இருக்கற அவங்க சர்வரைத்தான் தேடிப் போகும். அந்த நம்பர் எங்க இருக்குன்னு அங்க கேட்டாத்தான் தெரியும். அதனால ஒண்ணு வேலை செய்யலைங்கறதை வச்சு இன்னொண்ணைப் பத்தி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

எனிடெஸ்க்கை முதல்ல முடிச்சிடலாம், அது சின்ன விஷயம். அதுக்கு 80, 443, 6568 இந்த மூணு போர்ட்ல ஒண்ணு திறந்திருந்தாப் போதும். பிரவுசர் ஓடுதுன்னா 443 கண்டிப்பாத் திறந்திருக்கும். அப்புறம் ஏன் போகல? 40 கம்ப்யூட்டர் இருக்கற ஆபீஸ்ல பெரும்பாலும் சோஃபோஸ், ஃபோர்டிகேட் மாதிரி ஒரு ஃபயர்வால் பெட்டி வச்சிருப்பாங்க. அந்தப் பெட்டி போர்ட் நம்பரை மட்டும் பார்க்காது, உள்ள போறது எந்த சாஃப்ட்வேர்னும் பார்க்கும். ரிமோட் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரு வகையாப் பிரிச்சு, ஒரே டிக்ல பிளாக் பண்ண அதுல வசதி இருக்கு. இல்லைன்னா, போற வர்ற எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கற எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன் ஆன்ல இருக்கும். அப்படி நடுவுல பிரிச்சாலும் எனிடெஸ்க் கனெக்ட் ஆகாம போகும். ஹாட்ஸ்பாட்ல போறதுக்குக் காரணம் இவ்வளவுதான், அந்தப் பெட்டி நடுவுல இல்ல.

இதுல என் கருத்தைச் சொல்லணும். ஆபீஸ்ல அதை அடைச்சு வச்சிருந்தா, ஒரு காரணத்தோடதான் அடைச்சிருப்பாங்க. 2019 பிப்ரவரியில எனிடெஸ்க்கை வச்சு நடக்கற பண மோசடியைப் பத்தி ரிசர்வ் வங்கியே பேங்குகளுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு. 2024 பிப்ரவரியில அந்தக் கம்பெனியோட சர்வர்களுக்குள்ளயே ஆளுங்க புகுந்துட்டதா அவங்களே அறிவிச்சு, சாஃப்ட்வேர் அசல்தான்னு காட்டற பழைய சான்றிதழை ரத்து பண்ணிட்டு எல்லாரையும் புது வெர்ஷனுக்கு மாறச் சொன்னாங்க. அதனால ஹாட்ஸ்பாட் வழியா சுத்திப் போகாதீங்க. உங்க நெட்வொர்க் பார்க்கறவர்கிட்ட, இந்த ரெண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி வேணும்னு ஒரு மெயில் போடுங்க. உங்களுக்கும் அது பாதுகாப்பு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம், ரிமோட் டெஸ்க்டாப். எந்த செட்டிங்ஸையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. மாடிக்குப் போங்க. டாலி கம்ப்யூட்டருக்குப் பக்கத்து சீட்ல இருக்கற கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, அங்க இருந்து கனெக்ட் பண்ணிப் பாருங்க. பக்கத்து சீட்ல இருந்து போகுது, கீழ இருந்து போகலைன்னா, டாலி கம்ப்யூட்டர் நல்லா இருக்கு, நடுவுல வழியிலதான் கோளாறு. பக்கத்துல இருந்தே போகலைன்னா, முதல்ல அந்தக் கம்ப்யூட்டரையும் அதுக்கு வர்ற கேபிளையும் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். நிறைய பேர் இதைச் செய்யாம, நாள் பூரா விண்டோஸோட உள் செட்டிங்ஸான ரிஜிஸ்ட்ரியில கை வச்சுகிட்டு இருப்பாங்க. பார்க்கவே வருத்தமா இருக்கும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஈரோடு பக்கம் ஒரு ஆபீஸ்ல இதே மாதிரி கூப்பிட்டாங்க. திடீர்னு போகல, ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் அருமையா ஓடுதுன்னாங்க. நான் முதல் நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரையே நோண்டிகிட்டு இருந்தேன். ரெண்டாவது நாள்தான் டேபிளுக்குக் கீழ குனிஞ்சு பார்த்தேன். மொபைலுக்கு வைஃபை வேணும்னு யாரோ ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி வச்சிருக்காங்க. சுவத்துல ஒரே ஒரு நெட்வொர்க் பாயிண்ட்தான். அதனால கம்ப்யூட்டர்ல இருந்த கேபிளைப் பிடுங்கி ரவுட்டரோட வான் போர்ட்ல, அதாவது வெளி நெட் வர்ற சாக்கெட்ல சொருகி, ரவுட்டர்ல இருந்து இன்னொரு கேபிளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துட்டாங்க. என்ன ஆச்சு? அந்தக் கம்ப்யூட்டர் ரவுட்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிச்சு. உள்ள இருந்து வெளிய எல்லாத்துக்கும் போகலாம், வெளிய இருந்து யாரும் உள்ள வர முடியாது. இன்டர்நெட் ஓடுறதால ஒருத்தருக்கும் சந்தேகமே வரல.

இதைக் கண்டுபிடிக்கறது சுலபம். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிங்க. டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு வரி வரும், அந்தக் கம்ப்யூட்டர் வெளிய போற வாசலான ரவுட்டரோட ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி அது. கீழ இருக்கற கம்ப்யூட்டர்ல 192.168.1.1, மாடியில 192.168.0.1ன்னு வித்தியாசமா வந்தா, ரெண்டும் வேற வேற நெட்வொர்க்ல இருக்குன்னு அர்த்தம். உங்க நெட்வொர்க்காரரே ரெண்டு மாடியையும் வேணும்னே தனித்தனியாப் பிரிச்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதனால அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நடுவுல ரவுட்டர் உட்கார்ந்திருந்தா, அதை எடுத்துடுங்க. வைஃபை வேணும்தான்னா, அந்த ரவுட்டர்ல, எல்லாருக்கும் தானா ஐபி கொடுக்கற டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, அதோட ஐபியை மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்தி, கேபிளை வான்ல இருந்து, உள் நெட்வொர்க்குக்கான லேன் போர்ட்டுக்கு மாத்துங்க. டிஹெச்சிபியை ஆஃப் பண்ணாம லேன்ல மட்டும் சொருகிடாதீங்க. ஆபீஸ்ல ரெண்டு ரவுட்டர் ஐபி கொடுக்க ஆரம்பிச்சா, பாதிக் கம்ப்யூட்டர் தப்பான ஐபி வாங்கிட்டு நிக்கும்.

கேட்வே ஒண்ணாத்தான் இருக்குன்னா, அடுத்து ஐபியைப் பாருங்க. நீங்க ரிமோட் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி வச்சிருக்கற ஐபியும், மாடியில இப்ப காட்டற ஐபியும் ஒண்ணா? "ஒரு வாரமா போகல"ன்னு யார் சொன்னாலும் எனக்கு முதல்ல வர்ற சந்தேகம் இதுதான். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு, கம்ப்யூட்டர் நாலு நாள் லீவுல அணைஞ்சு கிடந்துச்சு, ஐபி மாறிப்போச்சு. இதுக்கு நிரந்தரத் தீர்வு, மெயின் ரவுட்டர்ல அந்தக் கம்ப்யூட்டரோட நெட்வொர்க் கார்டு அடையாள நம்பரான மேக் அட்ரஸுக்கு ஒரு ஐபியை ரிசர்வ் பண்ணி வைக்கறது. கம்ப்யூட்டர்லயே கையால ஐபியைப் போட்டுடலாமேன்னு சிலர் கேட்பாங்க. ரவுட்டர் கொடுக்கற எல்லைக்குள்ள இருக்கற நம்பரைப் போட்டீங்கன்னா, அதே நம்பரை நாளைக்கு வேற மெஷினுக்கும் ரவுட்டர் கொடுத்துடும். அப்புறம் ரெண்டும் மாறி மாறிக் கட் ஆகும், காரணமே பிடிபடாது.

பிங் பண்ணி, அதாவது இருக்கியான்னு குரல் கொடுத்துப் பார்த்தேன் பதில் வரல, அதனால கம்ப்யூட்டர் நெட்வொர்க்லயே இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்கை அடைச்சு வச்சுகிட்டு 3389ஐ மட்டும் திறந்து வச்சிருக்கும். அதுக்குப் பதிலா விண்டோஸ்லயே இருக்கற பவர்ஷெல்லைத் திறந்து டிஎன்சி (tnc), ஸ்பேஸ், அந்த ஐபி, ஸ்பேஸ், மைனஸ் போர்ட் (-Port), ஸ்பேஸ், 3389ன்னு அடிங்க. கடைசி வரியில ட்ரூன்னு வந்தா கதவு திறந்திருக்கு. ஃபால்ஸ்னு வந்தா மூடியிருக்கு, இல்ல நீங்க வேற வீட்டுக் கதவைத் தட்டிகிட்டு இருக்கீங்க.

பக்கத்து சீட்ல இருந்தும் ஃபால்ஸ்னு வந்தா, அந்தக் கம்ப்யூட்டர்ல மூணு நாலு விஷயம் பாருங்க. ஸ்லீப்புக்குப் போகுதான்னு பாருங்க, பவர் செட்டிங்ஸ்ல அதை நெவர்னு வைங்க. சமீபத்துல யாராவது விண்டோஸ் புதுசாப் போட்டாங்களான்னு கேளுங்க. ஹோம் எடிஷன் போட்டிருந்தா, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப்ல வரவே முடியாது, ப்ரோ வேணும். ஆன்டிவைரஸ் கூட வர்ற தனி ஃபயர்வால் இருக்கான்னு பாருங்க. அதை முழுசா நிறுத்தாம, 3389ஐ உங்க கம்ப்யூட்டர் ஐபிக்கு மட்டும் அனுமதிக்கலாம்.

இன்னொண்ணு. ஒரே நேரத்துல ரெண்டு பேர் உள்ள உட்காரணும்னு சொல்லி, விண்டோஸ் ஓடறதுக்குத் தேவையான டிஎல்எல்ங்கற உள் ஃபைலை மாத்தி விடற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய ஆபீஸ்ல இருக்கு. விண்டோஸ் அப்டேட் வந்து அந்த ஃபைலை மாத்தின உடனே அது நின்னுடும். லைசென்ஸ்படியும் அது தப்பு. உங்க கம்ப்யூட்டர்ல யாராவது அப்படிச் செஞ்சிருந்தா, இந்த ஒரு வாரக் கணக்கு அப்டேட் வந்த தேதியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. சாதாரண விண்டோஸ்ல நீங்க ரிமோட்ல நுழைஞ்சா, அங்க உட்கார்ந்திருக்கறவங்க ஸ்க்ரீன் லாக் ஆகும். அது கோளாறு கிடையாது, அதோட அமைப்பே அப்படித்தான். அதனால அக்கவுண்டன்ட் அக்காகிட்ட சொல்லிட்டு உள்ள போங்க. அவங்க பார்க்கப் பார்க்க ஏதாவது காட்டிக் கொடுக்கணும்னா விண்டோஸ்லயே இருக்கற குயிக் அசிஸ்ட் நல்லது. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூணையும் சேர்த்து அழுத்தினா வரும். அது இன்டர்நெட் வழியாப் போறதால அதுக்கும் அந்த ஃபயர்வால் பெட்டியில அனுமதி வேணும்.

சரி, கனெக்ட் ஆகுது, ஆனா பாஸ்வேர்டு சரியில்லைன்னு திட்டுதுன்னு வைங்க. அந்த மெசேஜைப் பார்த்தா நீங்க சந்தோஷப்படணும். வழி, போர்ட், ஃபயர்வால் எல்லாம் சரியா இருக்கு, இனிமே அந்தப் பக்கமே போக வேண்டாம். இங்க அதிகமா நடக்கற தப்பு, பின் நம்பரை அடிக்கறது. அந்த நாலு இலக்க, ஆறு இலக்கப் பின் அந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து திறக்கறதுக்கு மட்டும்தான். ரிமோட்ல அக்கவுண்டோட நிஜ பாஸ்வேர்டு வேணும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்டை விண்டோஸ் ரிமோட்ல உள்ள விடாது. அட்மின் அல்லாத யூசரா இருந்தா, ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்ங்கற குரூப்ல சேர்த்திருக்கணும். பாஸ்வேர்டைத் தொடர்ந்து தப்பா அடிச்சுகிட்டே இருக்காதீங்க. புது விண்டோஸ் 11ல 10 தடவை தப்பா அடிச்சா அக்கவுண்ட் 10 நிமிஷம் லாக் ஆகும். அப்புறம் சரியான பாஸ்வேர்டும் தப்புன்னு தோணும்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் ஆன்ல இருந்தா எழுத்து உடைஞ்சு வரும். உங்க பக்கம் இங்கிலீஷ்ல வச்சுகிட்டு, அந்தப் பக்கம் மட்டும் தமிழை ஆன் பண்ணுங்க.

நீங்க கேட்கல, ஆனாலும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து பார்க்கணும்னு, ரவுட்டர்ல 3389ஐ வெளிய திறந்து விடறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. 2019 மே மாசம் ரிமோட் டெஸ்க்டாப்ல புளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பாஸ்வேர்டே இல்லாம உள்ள வரக்கூடியது. அது எவ்வளவு ஆபத்துன்னா, ஆதரவை நிறுத்தி வருஷக்கணக்கான விண்டோஸ் எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தாங்க. போர்ட் நம்பரை மாத்தி வச்சாலும் தேடறவன் தேடிக் கண்டுபிடிச்சுடுவான். விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஒரு பூட்டின தனி வழி போட்டு, அதுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் போங்க. வீட்டு ரவுட்டரும் ஆபீஸும் ஒரே 192.168.1ல இருந்தா விபிஎன் கனெக்ட் ஆகியும் கம்ப்யூட்டர் கிடைக்காது, ஏன்னா உங்க லேப்டாப் அதை வீட்டுக்குள்ளயே தேடும். வீட்டு ரவுட்டரை 192.168.50க்கு மாத்திட்டா சரியாயிடும்.

சகோதரி, நீங்க இப்ப மாடிக்குப் போய்ப் பக்கத்து சீட்ல இருந்து பாருங்க. ரெண்டு கம்ப்யூட்டரோட கேட்வே என்ன, டிஎன்சி அடிச்சா ட்ரூவா ஃபால்ஸா, இந்த ரெண்டையும் எனக்கு எழுதுங்க. டேபிளுக்குக் கீழயும் ஒரு தடவை பார்த்துடுங்க.