எண்ணைக் கேளுங்கள், பேர் அப்புறம்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து யாராவது கூப்பிட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா ஊரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றால் நம்ம ஆட்கள் முதலில் கேட்பது பேரைத்தான். முனுசாமி என்பார்கள். சரி, எந்த முனுசாமி? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு சென்னை வழியாகப் போனவர்கள்.

எண்ணைக் கேளுங்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டார்கள். தோட்டம் மாறினாலும், கல்யாணம் பதிந்தாலும், செத்தாலும் அந்த எண் காகிதத்தில் கூடவே வரும். பேர் அப்படி வராது. எழுத்தர் காதில் விழுந்ததுதான் எழுத்து, அதுபோக அப்பா பேரே குடும்பப் பேராகி, கூடப்பிறந்தவர்களே ஆளுக்கொரு குடும்பப் பேரோடு திரிகிறார்கள்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அந்த ஒரு வரியைப் பிடித்துவிடலாம்: பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், கடைசியில் உடம்பில் இருக்கும் தழும்பு. ஆளை அடையாளம் சொல்ல அந்தத் தழும்புதான். (மொரீஷியஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் முன்னோர் பலருக்குப் போட்டோவே உண்டு, மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கிறது.) சாதிக் கட்டத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, அதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்தது.

ஜில்லாவிலும் ஒரு சிக்கல். வட ஆற்காடு என்று போட்டிருந்தால் உடனே வேலூருக்கு பஸ் ஏறக் கூடாது. 1911-இல் தனி ஜில்லாவாகும் வரை சித்தூர் வட ஆற்காட்டில்தான் இருந்தது, ஆகவே நீங்கள் தேடும் ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். முதலில் தாலுகாவைப் பாருங்கள். ஊர்ப் பேரை ஆங்கிலத்தில் சிதைத்திருப்பார்கள், வாய்விட்டுப் படித்தால் சில சமயம் பிடிபடும்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆவணங்கள் அவ்வளவாகக் கைகொடுக்காது. பட்டா, சிட்டா எல்லாம் நிலம் இருந்தவனுக்கு, கப்பல் ஏறியவர்களில் பலருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அங்கிருந்து பேசுபவரிடம், வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போடுகிறீர்கள், எந்த மாதத்தில் என்று கேட்டுவையுங்கள். மாரியம்மன் என்றால் ஊருக்கு ஊர் இருக்கிறாள், அதனால் பிரயோஜனமில்லை. கேள்விப்படாத ஒரு சாமி பேரைச் சொன்னால் குறித்துக்கொண்டு அந்தத் தாலுகாவில் பூசாரிகளிடம் விசாரியுங்கள்.