எனக்கு 38, என் கிட்னிக்கு 66

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன், இருங்க. இதோ, வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு உள்ள தள்ளி லேசா மேடா இருக்குல்ல? விரல் வெச்சு அழுத்துனா தட்டுப்படும். இதுதான் அம்மாவோட கிட்னி. எனக்கு 38 வயசு, இதுக்கு 66. என் பழைய ரெண்டும் பின்னாடி சுருங்கிப்போய் அங்கயேதான் கெடக்கு. அதை எடுத்துட்டுத்தான் புதுசு வைப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பெரும்பாலும் எடுக்கறதில்ல.

ஆபரேஷன் அப்போ அம்மாவுக்கு 61. "இந்த வயசு கிட்னி எத்தனை நாளைக்கு ஓடும்?"னு கேட்காத சொந்தக்காரங்களே இல்ல. கேள்வி நியாயமானதுதான். டோனர் வயசு முக்கியம், அதை மழுப்பி உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

கிட்னிக்குள்ள நெஃப்ரான்னு பொடிப்பொடி வடிகட்டிங்க, சராசரியா 10 லட்சம். பொறந்த பிறகு புதுசா ஒண்ணுகூட உருவாகாது. வயசாக ஆக ஒவ்வொண்ணா தழும்பாகி மூடிக்கும். கிட்னி தானம் குடுத்தவங்களையே எடுத்து 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 18-லேர்ந்து 29 வயசுக்குள்ள ஒரு கிட்னிக்கு சுமார் 9,90,000 நல்ல வடிகட்டி. 70-75 வயசுல 5,20,000. கிட்டத்தட்ட பாதி! அதுவும் எல்லா டெஸ்ட்டும் பாஸ் பண்ணவங்களுக்கே.

அதனால என் கிரியேட்டினின் 1.5-ல வந்து நின்னுச்சு. தசையிலேர்ந்து வர்ற கழிவு அது, கிட்னி சரியா வடிகட்டலைன்னா ரத்தத்துல ஏறும். அதே வாரம் ஆபரேஷன் ஆன பக்கத்து பெட்காரருக்கு 30 வயசு தம்பி குடுத்தாரு, அவருக்கு 1.1. ரொம்ப நாள் பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்லல. டாக்டர்தான் சொன்னாரு, "நம்பர் எவ்வளவுன்னு பாக்காதீங்க, ஏறாம நிக்குதான்னு பாருங்க."

வயசான கிட்னி அடியும் தாங்காது. மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட எடுத்தா ஐஸ்ல பல மணி நேரம் இருக்கும். வயசானதுன்னா முழிச்சுக்கவே நாளாகலாம், அதுவரைக்கும் டயாலிசிஸ்தான். எனக்கும் அம்மாவுக்கும் அடுத்தடுத்த ஆபரேஷன் தியேட்டர், ஐஸ் நேரம் கம்மி. ரத்தம் பாய விட்டதும் டேபிள்லயே யூரின் வந்துச்சாம்.

அப்போ யாருக்கு எந்த வயசு கிட்னி? ஐரோப்பாவுல யூரோ டிரான்ஸ்பிளான்ட்டுன்னு பல நாடு சேர்ந்த அமைப்பு. 1999-லேர்ந்து, இறந்த டோனருக்கு 65 தாண்டியிருந்தா, அந்தக் கிட்னியை 65 தாண்டினவங்களுக்கே குடுக்குற திட்டம் வெச்சிருக்காங்க. எனக்கு இது சரின்னுதான் படுது. 70 வயசுக்காரர் இளசு கிட்னிக்காக டயாலிசிஸ்ல வருஷக்கணக்கா காத்துக் கெடந்தா, அவருக்கு மிச்சம் இருக்கற நாளே கரைஞ்சுடும். 20 வயசுப் பையன் கதை வேற. வெச்ச கிட்னி ஆயுசு முழுக்க ஓடறது அபூர்வம், அவனுக்குப் பெரும்பாலும் இன்னொரு கிட்னி தேவைப்படும். முதல் கிட்னியால ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது அடுத்தவங்க உறுப்பை எதிர்க்கற புரதம், ஏறிட்டா, அடுத்தது பொருந்தறதே குதிரைக்கொம்பு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். என் தம்பி ரெடியா இருந்தான், 24 வயசு. ஆனா டாக்டர் அம்மாவைத்தான் முதல்ல பார்த்தாரு. எனக்கு அப்போ புரியல, இப்போ புரியுது. தம்பி இன்னும் 50 வருஷம் ஒத்தைக் கிட்னியோட ஓட்டணும், அவனுக்கு சர்க்கரையோ பிரஷரோ வருமான்னு யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு 61 வரைக்கும் வரலைங்கறது கண்ணுக்கு முன்னாடி இருக்கு. தம்பி எனக்கு ரெண்டாவது வாய்ப்பாவும் மிச்சம் இருக்கான்.

வயசானவங்களுக்குத் தசை கம்மி, கிரியேட்டினின் அழகா காட்டி ஏமாத்திடும். அதனால டிடிபிஏ ஸ்கேன் எடுத்தாங்க, ரெண்டு கிட்னியும் தனித்தனியா எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். இடது 55 சதவீதம், வலது 45. விதி என்னன்னா, நல்லது குடுக்கறவங்களுக்கு. அம்மா விடல, "எனக்கு எதுக்கு டாக்டர் நல்லது, அவனுக்கு வெச்சுடுங்க"ன்னு சண்டை. டாக்டர் அசையல. ஆக, எனக்குள்ள இருக்கறது அந்த 45.

அஞ்சு வருஷம் ஆச்சு. நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் பிளட் டெஸ்ட். ரிசல்ட் வந்ததும் அம்மா என்னோடதைத்தான் முதல்ல கேட்பாங்க. தன்னோடதைப் பார்க்கச் சொன்னா, "அதான் பெரிசை நான் வெச்சுக்கிட்டேனே"ம்பாங்க.