வேலூரில் வீட்டிலேயே நிலநடுக்கம் பதிவு செய்ய எந்த சென்சார் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த ரயிலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

நில அதிர்வு சென்சார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அப்புறம் கையில் இருக்கும் ஆர்டுயினோ மாதிரி சின்ன கணினி போர்டுக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் எந்த நடுக்கத்தைப் பிடிக்கப் போகிறீர்கள்? இந்தோனேசியாவில் வரும் பெரிய நடுக்கத்தையா, பேரணாம்பட்டு பக்கம் வரும் சின்ன நடுக்கத்தையா?

2021 நவம்பர் 29 அதிகாலை நம் பக்கம் 3.6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது ஞாபகம் இருக்கும். வேலூரிலிருந்து மேற்கு, தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. அடுத்த மாதமும் அந்தப் பக்கத்து ஊர்களில் நடுக்கம் இருந்தது. எனக்கு வேண்டியது இந்த வகைதான். உலகத்தின் பெரிய நடுக்கங்களைப் பதிவு செய்ய உலகம் முழுக்க நிலையங்கள் இருக்கின்றன. நமக்கு மேற்கே கர்நாடகாவில் கௌரிபிதனூரில் 1965-லிருந்தே ஒரு நில அதிர்வு வரிசை, அதாவது பல கருவிகளைப் பரப்பி வைத்த நிலையம், இருக்கிறது. ஆனால் நம் காலுக்குக் கீழே இரண்டு, இரண்டரை அளவில் வரும் நடுக்கத்தைச் சரியாகக் காட்ட, கிட்டத்திலேயே ஒரு கருவி வேண்டும். அது நம் வீட்டில் இருக்கலாம் என்பதுதான் என்னை இதில் இழுத்தது.

கிட்டத்து நடுக்கம் வேகமாக அதிரும், விநாடிக்கு இரண்டு முதல் இருபது முறை வரை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருவது மெதுவாக அதிரும். அதன் முதல் அலை விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் வரும், பின்னால் வரும் மேற்பரப்பு அலை ஒரு சுற்றுக்கு 20 விநாடிகூட எடுக்கும். இரண்டையும் ஒரே குறைந்த விலை சென்சாரில் எதிர்பார்க்க முடியாது.

சரி, இதோ மேசையில் மூன்று வகை வைத்திருக்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன்.

இந்தக் குட்டி சிப் ஏடிஎக்ஸ்எல் 345, அசைவின் முடுக்கத்தை அளக்கும் சென்சார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், எந்த ஆர்டுயினோவிலும் நேராகச் சேரும். பொருந்துமா என்றால் அழகாகப் பொருந்தும். ஆனால் இதன் ஒரு படி, அதாவது இது காட்டும் மிகச் சிறிய மாற்றம், சுமார் 4 மில்லி ஜி, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. நான் சொன்ன 3.6 நடுக்கம் 60 கிலோமீட்டர் தள்ளி வந்து சேரும்போது பெரும்பாலும் அந்த ஒரு படிக்குள்ளேயே அடங்கிவிடும். மூட்டை எடை போடும் தராசில் மூக்குத்தியை வைத்துப் பார்ப்பது போல. இதே மாதிரி சிப்பான எம்பியு 6050-யும் இந்த வேலைக்கு வேண்டாம். ஏடிஎக்ஸ்எல் 355 என்று ஒன்று இருக்கிறது, விலை கூட, இரைச்சல் மிகக் குறைவு. உடம்பில் உணரும் நடுக்கத்தை அது பிடிக்கும். உணராததில் பெரும்பாலானவற்றை விட்டுவிடும். நமக்கு வேண்டியதே உணராததுதானே.

அடுத்தது ஜியோஃபோன். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச் சுருள். நிலம் அசையும்போது காந்தமும் சேர்ந்து அசையும், சுருள் பின்தங்கும், அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கும். கரண்ட்டே கொடுக்க வேண்டாம். எண்ணெய் தேடும் சர்வேக்களுக்காக ஆயிரக்கணக்கில் செய்வதால் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது.

இதில் பார்க்க வேண்டியது இயல்பு அதிர்வெண், அதாவது ஸ்பிரிங் தானாக ஆடும் வேகம். ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை முறை என்று அர்த்தம். 14 ஹெர்ட்ஸ், 10 ஹெர்ட்ஸ், 4.5 ஹெர்ட்ஸ் என்று வரும். அந்த எண்ணுக்குக் கீழே போனால் ஜியோஃபோனின் காது வேகமாக மந்தமாகிவிடும். ஒரு ஹெர்ட்ஸ் அலையை 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் இருபதில் ஒரு பங்காகக் கேட்கும், 10 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் நூறில் ஒரு பங்காகத்தான் கேட்கும். விலை குறைவு என்று 14 ஹெர்ட்ஸ் எடுக்காதீர்கள். 4.5, செங்குத்து வகை. கிடைமட்டத்துக்கென்று செய்த ஜியோஃபோனை நிமிர்த்தி வைத்தால் வேலை செய்யாது, விற்பவரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய சர்வே சரக்கு வாங்கினால் மல்டிமீட்டரால் சுருளின் தடையைப் பார்த்துவிடுங்கள். சில நூறு ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது பணத்தை எங்கே போடுவது என்று சொல்கிறேன், இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். எஸ்எம்-24 என்ற 10 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம், அதன் கணக்கு தெளிவாக இருக்கிறது. நிலம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால் 28.8 வோல்ட் தரும். சின்ன நடுக்கத்தில் நிலம் அசைவது விநாடிக்கு ஒரு மைக்ரோ மீட்டர் என்று வையுங்கள். அப்போது கிடைப்பது 28.8 மைக்ரோ வோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது மாற்றி. ஆர்டுயினோ ஊனோவின் உள்ளேயே இருக்கும் 10 பிட் மாற்றியின் ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லி வோல்ட். அதாவது நம் சமிக்ஞையைவிட ஒரு படியே 170 மடங்கு பெரியது. எவ்வளவு நல்ல ஜியோஃபோன் வாங்கி மாட்டினாலும் திரையில் நேர்கோடுதான் வரும். ஏடிஎஸ் 1115 என்ற தனி மாற்றி போட்டால் அதிகபட்ச பெருக்கத்தில் ஒரு படி 7.8 மைக்ரோ வோல்ட், மூன்று நான்கு படி அசைவு தெரியும். ஏடிஎஸ் 1256 மாதிரி 24 பிட் மாற்றிக்குப் போனால்தான் அலையின் வடிவமே கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் மாட்யூலாகவே கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெரு பக்கம் போகிறவர்கள் அங்கேயும் விசாரித்துப் பார்க்கலாம். சென்சாரில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, மாற்றியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஜியோஃபோன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டு தட்டினால் ஸ்பிரிங் தானாக ஆடிக்கொண்டே இருக்கும், எது நிலம், எது ஸ்பிரிங் என்று பிரிக்க முடியாது. எஸ்எம்-24-க்கு ஒரு கிலோ ஓம் சரியாக இருக்கும். மற்றவற்றுக்கு அதன் டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, ராஸ்பெர்ரி ஷேக். இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே போர்டில் கட்டித் தருகிறார்கள். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன், 24 பிட் மாற்றி, விநாடிக்கு 100 பதிவு, மெதுவான அலைகளையும் கேட்க எலெக்ட்ரானிக்ஸ் மூலமாகவே வரம்பை ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே நீட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்கத்தையும் சேர்த்தால் விலை கடிக்கும். பள்ளியோ கல்லூரியோ வாங்குவதாக இருந்தால் யோசிக்காமல் இதை வாங்கச் சொல்வேன். இது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மாட்டுவது, அதனால் உங்களிடம் இருக்கும் பை எந்த மாடல் என்று பார்த்து, அது ஒத்துப்போகுமா என்று உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள். சாலிடரிங் தெரிந்த தனி ஆளுக்கு ஜியோஃபோன், ஏடிஎஸ் 1256, பழைய ராஸ்பெர்ரி பை, இந்த மூன்றே போதும்.

பொருத்தம் என்பது கம்பி சேர்வதோடு முடியவில்லை. பதிவு மினிசீட் என்ற, நில அதிர்வுத் துறையில் பொதுவாகப் பயன்படும் கோப்பு வடிவத்தில் வர வேண்டும். அப்படி வந்தால் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் ஸ்வார்ம் மென்பொருளில் நேராகத் திறக்கலாம், பைத்தான் நிரல்மொழியில் ஒப்ஸ்பை என்ற நில அதிர்வு மென்பொருள் தொகுப்பை வைத்து அலசலாம். நேரம் என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக இணையத்திலிருந்து எடுத்தால் நம் வேலைக்குப் போதும். பதிவை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வையுங்கள், பார்க்கும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது ரயிலுக்கு வருகிறேன். ரயில், தேசிய நெடுஞ்சாலை 48-ல் போகும் லாரி, பக்கத்து வீட்டு போர் மோட்டார், எல்லாம் கிட்டத்து நடுக்கம் அதிரும் அதே வேகத்தில்தான் அதிரும். ஃபில்டர் போட்டு முழுசாக விலக்க முடியாது. இடம்தான் மருந்து. மாடியில் வைக்கவே கூடாது, கட்டடமே ஆடும். தரைத்தளத்தில், மண்ணோடு ஒட்டிய சிமெண்டுத் தரையில், பெரிய மரத்திலிருந்து தள்ளி. காற்றில் மரம் ஆடினால் வேர் வழியாக நிலமும் ஆடும். நம் ஊரில் மலையடிவாரத்தில் வீடு இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாறை வெளியே தெரிந்தால் அதன் மேலேயே வைத்து, மேலே ஒரு பெட்டி கவிழ்த்து, வெயிலும் காற்றும் படாமல் மூடிவிடுங்கள்.

இன்னொன்று, கல்குவாரி. நம் பக்கம் வெடி வைப்பதும் திரையில் நடுக்கம் மாதிரியே வரும். பகலில் வந்தால் சந்தேகப்படுங்கள். வெடி எல்லாத் திசையிலும் நிலத்தை வெளியே தள்ளும், அதனால் எங்கே பதிவு செய்தாலும் முதல் அசைவு மேல் நோக்கி இருக்கும். நிலநடுக்கத்தில் சில இடத்தில் மேலே, சில இடத்தில் கீழே. இதைப் பார்க்க வேண்டுமானால் ஜியோஃபோனின் இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. மேலே தூக்கினால் கோடு மேலே போகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

தூரம் கண்டுபிடிப்பது சுலபம். முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணி எட்டால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட கிலோமீட்டர் வந்துவிடும். ஏழரை விநாடி என்றால் 60 கிலோமீட்டர். ஆனால் ஒரு நிலையம் தூரத்தை மட்டும்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று இடத்திலிருந்து மூன்று வட்டம் போட்டால்தான் இடம் கிடைக்கும்.

அதனால் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பொருத்தித் தருகிறேன். செங்குத்து 4.5 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 100 பதிவு, மினிசீட். இந்த மூன்றும் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்தால் பதிவுகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.