படுக்கையறையில் சார்ஜர் கிடையாது

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை. போன வாரம் எனக்குப் பின்னால் ஹாலில், ஃப்ரிட்ஜ் பக்கத்து ஸ்டூலில் நாலு போன், ஒரு டேப் எல்லாம் வரிசையாக சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று சிலர் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுடையது பெரம்பூரில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒரே ஒரு ஏசி. சித்திரை, வைகாசியில் அத்தையையும் சேர்த்து ஐந்து பேரும் அந்த ஒரே அறையில்தான். மற்ற மாதங்களில் அது பிள்ளைகள் அறை. போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பையனுடைய போர்வைக்குள் வெளிச்சம். 2020 ஊரடங்கில் பெரியவளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப், அதில் குட்டிக் குட்டி வீடியோவாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு வயது ஒன்பது. வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று மிஸ் சொன்னதால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ரத்தச் சோகையாக இருக்குமோ என்று பயந்து அவனுக்கு ஊசி குத்தி டெஸ்ட் எடுத்திருந்தோம். அதை நினைத்து அன்றைக்கு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்கூல் வேனுக்காக இவன் ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால், கணக்குப் போடுங்கள், ஒன்பது மணிக்குத் தூங்கியே இருக்க வேண்டும். இருட்டினால் மூளையில் மெலடோனின் சுரக்கும், அதுதான் தூக்கத்தைக் கூட்டி வருகிறது, முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் அது தள்ளிப்போகும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை நிறுத்துங்கள், பிள்ளைகள் தூங்கும் அறையில் போன், டேப் எதுவும் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-லேயே சொல்லியிருக்கிறது.

முதலில் நேரக் கட்டுப்பாடு ஆப் போட்டேன். நான் பின் நம்பர் போடுவதைப் பார்த்தே பையன் கற்றுக்கொண்டான். அப்புறம்தான் நிமிடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு இடத்தை மாற்றினேன். படுக்கையறையில் சார்ஜரே கிடையாது. எட்டு மணிக்குப் பிள்ளைகள் பார்க்கிற டேப்பும் போனும் ஸ்டூலுக்கு வந்துவிடும், ஒன்பது மணிக்குப் பெரியவர்கள் போனும். ஆமாம், எங்களுடையதும்தான். நாம் படுத்துக்கொண்டு போன் பார்த்தபடியே பிள்ளையைத் தூங்கு என்று சொன்னால் அவன் ஏன் கேட்க வேண்டும்?

அத்தை ஒரே நாளில் ஒத்துக்கொண்டார், சீரியல் பார்ப்பதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரரைத்தான் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. "அலாரத்துக்கு என்ன பண்றது, ராத்திரி ஊரிலிருந்து அவசரமா போன் வந்தா?" என்றார். இதோ பாருங்கள், பாண்டி பஜாரில் வாங்கிய பெல் அடிக்கிற கடிகாரம். போன் ஹாலில் முழுச் சத்தத்தில் இருக்கிறது, அடித்தால் அறைக்குள் நன்றாகவே கேட்கும்.

பெரியவள் விஷயம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் சில நாள் ஒன்பதரைக்குத்தான் வருகிறது. அப்படி வந்தால் ஹாலில் நின்றபடி நோட்டில் எழுதிக்கொண்டு போகலாம், போன் உள்ளே போகக் கூடாது. கோபித்துக்கொண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நான் மாற்றவில்லை.

மே லீவுக்குத் திருநெல்வேலியிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. நேற்றே அண்ணியிடம், "அண்ணி, இங்க வந்தா உங்க பசங்க போனும் ஸ்டூலுக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்ப ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வர்றேன்" என்றார்.