வளைகாப்புக்கு முன்பே பார்க்க வேண்டிய காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணமாகி, அடுத்து ஒரு குழந்தை என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களோடு பேச வந்திருக்கிறேன். பெண்ணைப் பெற்றவர்களும் கேளுங்கள். நம் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்டில்தானே.

முதலில் மருத்துவக் காப்பீடு. நாமே தனியாக எடுக்கும் பாலிசிகள் பலவற்றில் பிரசவச் செலவு சேராது. சேருகிற பாலிசியிலும் காத்திருப்புக் காலம் உண்டு. சிலவற்றில் 9 மாதம், சிலவற்றில் 2 வருடம், 4 வருடம்கூட. நாள் தள்ளிப்போன பிறகு போய்க் கேட்டால் அந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. கம்பெனியில் போட்டுத் தரும் குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இருக்காது. ஆனால் சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா, 90 நாள் கழித்துத்தானா என்றும் கேளுங்கள். குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் அப்போது தெரியும் அந்த ஒரு வரியின் அருமை.

இன்னொன்று. கணவருக்கு ஓசூரில் வேலை, பிரசவம் அரூரில் என்றால், அந்தக் காப்பீட்டுக் கார்டு அரூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும்? வலி எடுத்த பிறகு பார்க்கிற விஷயமா இது?

ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளப் பணம் கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது பிடித்தம் நடந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

சரி, அடுத்தது நாமினி, அதாவது நமக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள நாம் எழுதி வைக்கும் பெயர். இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. நான் பேங்கில் இருந்தபோது ஒரு இளம்பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். மஞ்சள் பையிலிருந்து டெபாசிட் ரசீதை எடுத்து வைத்தாள். கணவர் சாலை விபத்தில் போய்விட்டார். கவுன்டரில் நூல் கட்டிய பேனாவைக் குழந்தை இழுத்து இழுத்து விளையாடுகிறது. ரசீதைப் பார்த்தால், நாமினி என்று இருப்பது அவள் கணவருடைய அப்பா பெயர். அந்த அப்பா மகனுக்கு முன்பே காலமாகிவிட்டார். கல்யாணத்துக்கு முன் எழுதியது, யாரும் மாற்றவில்லை. அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழுக்கு அந்தப் பெண் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள். அப்புறம் மாமியாரின் கையெழுத்து, உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன். பணம் அவர்களுடையதுதான், யாரும் தகராறு செய்யவில்லை. இருந்தும் பால் பவுடர் வாங்கக் கடன் வாங்கினாள். ஒரு படிவம், ஒரு கையெழுத்து. நேரத்தில் போட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேங்க், எல்.ஐ.சி., தபால் ஆபீஸ் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று இந்த வாரமே பாருங்கள். பி.எஃப். விஷயத்தில், கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணமானதும் செல்லாமல் போய்விடும், புதிதாகத்தான் பதிய வேண்டும். அதோடு சேர்ந்த ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியிருக்கிறது. ஆன்லைனிலேயே பதியலாம்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை பெயரில் ஏதாவது பாலிசி எடுப்பதற்கு முன்பு, சம்பாதிக்கிறவர் பெயரில் எடுங்கள். மனைவி சம்பாதிக்கிறார் என்றால் அவருக்கும் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மாதம் ஏறிய பிறகு பல நிறுவனங்கள் பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிவைக்கும். கடைசியாக ஒன்று. கர்ப்பம் உறுதியானதும், 12-வது வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவிக்கும் அது வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். வணக்கம்.